சேப்பாக்கத்தில் இரண்டு சதம், லார்ட்ஸில் ஒரு நாற்காலி: ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ் நிர்வாகியான கதை

இந்த எபிசோடைப் போன வாரமே போட்டிருக்கணும். ஆபீஸ்ல ஒரு விஷயம் ஓடிட்டு இருந்ததால தள்ளிப்போச்சு. அந்த விஷயத்துக்கும் இன்னைக்குப் பேசப்போறதுக்கும் சம்பந்தம் இருக்கு, அதனால முதல்ல அதைச் சொல்லிடறேன்.

எங்க டீம் மேனேஜர் வேலையை விட்டுட்டார். அந்த இடத்துக்கு நீ வர்றியான்னு என்னைக் கேட்டிருக்காங்க. ஆறு வருஷமா கோடு எழுதற ஆள் நான். திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். வீட்ல அம்மாகிட்ட சொன்னேன். "சம்பளம் ஏறுமாடா?"ன்னு கேட்டாங்க. ஏறும்மான்னேன். "அப்புறம் என்னடா யோசனை?" அங்கேயே பேச்சு முடிஞ்சுது. ஆனா எனக்கு யோசனை இருக்கு. நல்லா விளையாடற ஒருத்தரைக் கூப்பிட்டு, இனிமே நீ விளையாட வேண்டாம், விளையாடறவங்களைப் பாத்துக்கோன்னு சொன்னா அவருக்கு என்ன ஆகும்? இந்தக் கேள்வியை வச்சுக்கிட்டு நான் போய் நின்ன ஆள் ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ். இங்கிலாந்தோட முன்னாள் கேப்டன்.

அவரை நம்ம ஊர்ல இருந்தே ஆரம்பிக்கலாம். 2008 டிசம்பர், சேப்பாக்கம். மும்பைத் தாக்குதலுக்கு அப்புறம் இங்கிலாந்து டீம் ஊருக்குத் திரும்பிப் போயிட்டு, மறுபடி வந்து ஆடின டெஸ்ட். அகமதாபாத்ல நடக்க வேண்டிய மேட்சைச் சென்னைக்கு மாத்தினாங்க. எனக்கு அப்போ அரையாண்டுத் தேர்வு. கடைசி நாள், திங்கட்கிழமை, இந்தியா 387 ரன் துரத்தி ஜெயிச்சுது. சேவாக் அடிச்ச 83, சச்சினோட 103 நாட் அவுட், கூட நின்ன யுவராஜ், இதெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதே மேட்ச்ல இன்னொருத்தர் ரெண்டு இன்னிங்ஸ்லயும் சதம் அடிச்சார், 123, 108. அது ஸ்ட்ராஸ். இந்த எபிசோடுக்காக ஸ்கோர்கார்டைத் திறந்து பாக்கற வரைக்கும் எனக்கே அது மறந்துபோயிருந்தது.

அந்த ஸ்கோர்கார்டுல இன்னொண்ணும் கவனிச்சேன். அந்த மேட்ச்ல இங்கிலாந்து கேப்டன் கெவின் பீட்டர்சன். கோச் பீட்டர் மூர்ஸ். அடுத்த மாசமே, 2009 ஜனவரியில, இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒத்துப்போகாம, ஒரே நாள்ல ரெண்டு பேரோட பதவியும் போச்சு. அதனால கேப்டன் ஆனவர்தான் ஸ்ட்ராஸ். இந்த மூணு பேரையும் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்கோங்க. ஆறரை வருஷம் கழிச்சு ஒரே வாரத்துல திரும்ப வருவாங்க.

ஸ்ட்ராஸ் கேப்டனா நல்லா செஞ்சார். 2009ல சொந்த ஊர்ல ஆஷஸ். 2010-11ல ஆஸ்திரேலியாவுக்கே போய் 3-1. அங்க போய் ஜெயிச்சு 24 வருஷம் ஆகியிருந்தது. அடுத்து டெஸ்ட் ரேங்கிங்ல முதலிடம். 2012 ஆகஸ்ட்ல, சரியா 100 டெஸ்ட் ஆடி முடிச்சு, 7,037 ரன், 21 சதத்தோட விலகினார். அந்த நூறாவது டெஸ்ட் லார்ட்ஸ்ல நடந்தது. அதுலயும் பீட்டர்சன் பிரச்சினை இருந்தது. எதிரணியான தென்னாப்பிரிக்கா வீரர்களுக்கு அவர் மெசேஜ் அனுப்பினார்னு சர்ச்சை. அதுல டீமை விட்டு வெளியே வச்சுட்டாங்க. தன்னோட கடைசி மேட்ச் வாரம் முழுக்க ஒரு கேப்டன் வாட்ஸ்அப் குரூப் சண்டை மாதிரி ஒண்ணுக்குப் பதில் சொல்லிட்டு இருந்தார்னு வச்சுக்கோங்க.

அப்புறம் கமெண்டரி. அங்க ஒரு சம்பவம், பாட்காஸ்ட் பண்றவனா எனக்கு வயித்தைக் கலக்கினது. 2014 ஜூலையில, மைக் ஆஃப்ல இருக்குன்னு நினைச்சு பீட்டர்சனை ஒரு கெட்ட வார்த்தையில திட்டிட்டார். அது ஒளிபரப்புல போயிடுச்சு. மன்னிப்புக் கேட்டார். சாதாரணமா அதோட முடிஞ்சிருக்கணும்.

இப்போ 2015. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல உலகக் கோப்பை. இங்கிலாந்து முதல் சுத்துலயே வெளியே. நியூசிலாந்தோட 123க்கு ஆல் அவுட், அதை அவங்க 13 ஓவருக்குள்ள அடிச்சு முடிச்சாங்க. இலங்கைக்கு எதிரா 309 அடிச்சும் ஒரே ஒரு விக்கெட்தான் எடுக்க முடிஞ்சுது. அடிலெய்டுல பங்களாதேஷ்கிட்ட தோத்ததும் கதை முடிஞ்சுது. ஜெயிச்சது ஸ்காட்லாந்தையும் ஆப்கானிஸ்தானையும் மட்டும்தான். போர்டு தன்னோட மேனேஜிங் டைரக்டரை அனுப்பிட்டு, அந்தப் பதவிக்குப் பதிலா 'டைரக்டர், இங்கிலாந்து கிரிக்கெட்'னு புதுசா ஒண்ணை உருவாக்கினாங்க. 2015 மே மாசம் அதுல ஸ்ட்ராஸ் உக்காந்தார். வயசு 38.

இந்த வேலை என்னன்னு கொஞ்சம் சொல்லணும். செலக்டர் வேலை இல்ல. கோச் வேலையும் இல்ல. கோச் யாரு, கேப்டன் யாரு, எந்த வகை கிரிக்கெட்டுக்கு எவ்வளவு முக்கியத்துவம், வீரர்களுக்கு என்ன மாதிரி காண்ட்ராக்ட், யார் ஐபிஎல் போகலாம், யார் தப்பு பண்ணா என்ன நடவடிக்கை, இதெல்லாம்தான். நம்ம பாஷையில சொன்னா, ரெப்போவுல ஒரு கமிட் கூட உங்க பேர்ல இருக்காது, ஆனா ப்ரொடக்‌ஷன் படுத்தா ஃபோன் உங்களுக்குத்தான் வரும்.

முதல் வாரமே எப்படி இருந்ததுன்னு பாருங்க. கோச் மூர்ஸை எடுக்கறதுன்னு முடிவாச்சு. மூர்ஸ் அப்போ டீமோட அயர்லாந்துல இருக்கார், ஒரு ஒன்டே மேட்ச், மழை. அவருக்கு முறையா சொல்றதுக்கு முன்னாடி செய்தி மீடியாவுல வந்துடுச்சு. மழை பெய்யற கிரவுண்ட்ல ஒரு கோச் தன் வேலை போனதை இப்படித் தெரிஞ்சுக்கறார். அது வெளியே வந்த விதத்துக்கு வருத்தம் தெரிவிச்சாங்க. ஆனா அதை மாத்த முடியாதுல்ல. பேட்ஸ்மேன் தப்பு பண்ணா அவுட் ஆகறது அவர். இங்க தப்பு நடந்தா அடிபடறது எதிர்ல இருக்கற மனுஷன். எனக்கு மேனேஜர் வேலைன்னாலே பயம் வர்ற இடம் இதுதான். பல வருஷத்துக்கு முன்னாடி நான் வேலை பாத்த ஒரு இடத்துல, பக்கத்து சீட் அண்ணன் காலையில லாகின் ஆகலைன்னு ஹெல்ப் டெஸ்க்குக்கு டிக்கெட் போட்டார். அந்த டிக்கெட்டோட பதில்லதான் அவருக்கு விஷயமே தெரிஞ்சுது. அந்த முடிவை எடுத்தவர் கெட்டவர் இல்ல, எனக்குத் தெரியும். ரெண்டு மெயில் வரிசை மாறிப்போச்சு, அவ்வளவுதான்.

அடுத்த ரெண்டாவது நாள் பீட்டர்சன். டீமுக்குத் திரும்பணும்னா கவுண்டி ஆடி ரன் அடின்னு ஒரு பேச்சு இருந்தது. மனுஷன் போய் ஆடினார். மே 11 அன்னைக்கு சர்ரே டீமுக்காக, லெஸ்டர்ஷயருக்கு எதிரா 326 நாட் அவுட். அன்னைக்குச் சாயங்காலம் ஸ்ட்ராஸைப் பாக்கறார். இப்போதைக்கு இடம் இல்ல, நமக்குள்ள நம்பிக்கை இல்லைன்னு ஸ்ட்ராஸ் சொல்லிட்டார். ஒன்டே விஷயத்துல ஆலோசகரா இருங்கன்னு கேட்டார், பீட்டர்சன் மறுத்துட்டார். மறுநாள் அதே இன்னிங்ஸை 355 நாட் அவுட்ல முடிச்சார்.

இதுல நான் ரெண்டு மனசாத்தான் இருக்கேன். டீமுக்கு அது நல்ல முடிவா இருந்திருக்கலாம். ஆனா முடிவெடுத்தவர் யாரு? அதே ஆளோட சண்டை போட்ட கேப்டன். அதே ஆளை மைக்ல திட்டினவர். வேற யாராவது அந்த மீட்டிங்ல உக்காந்து அதே பதிலைச் சொல்லியிருந்தா ஊர் ஒத்துக்கிட்டிருக்கும். முன்னாள் வீரர்களை நிர்வாகத்துக்குக் கொண்டு வர்றப்போ அவங்க அனுபவத்தோட சேர்ந்து அவங்க பழைய பகையும் உள்ள வருது. அதுக்கு எந்த போர்டுகிட்டயும் பேட்ச் கிடையாது.

சரி, திட்டினது போதும். அவர் செஞ்சதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயத்துக்கு வர்றேன்.

ஸ்ட்ராஸ் ஆடின காலத்துல இங்கிலாந்துக்கு டெஸ்ட்தான் உசிரு. ஒன்டேங்கறது ஆஷஸுக்கு நடுவுல கிடைக்கிற இடைவேளை மாதிரி. அவரே அந்த வார்ப்புதான். 127 ஒன்டே ஆடியிருக்கார், ஸ்ட்ரைக் ரேட் சுமார் 80. இன்டர்நேஷனல் டி20 மொத்தமே 4. அப்படிப்பட்டவர் நாற்காலியில உக்காந்ததும் எடுத்த பெரிய முடிவு, 2019 உலகக் கோப்பை நம்ம ஊர்ல, அதுக்கு டெஸ்டுக்குச் சமமான இடம் கொடுக்கணும்கறது. தனக்கு வராத ஆட்டத்தை மத்தவங்க ஆடறதுக்கு வழி பண்ணார்.

கோச் யாருன்னு தேடினப்போ ட்ரெவர் பெய்லிஸைக் கூட்டிட்டு வந்தார். ஆஸ்திரேலியாக்காரர். இங்கிலாந்து அதுவரைக்கும் ஒரு ஆஸ்திரேலியரைக் கோச்சா வச்சதில்ல. கொல்கத்தா நைட் ரைடர்ஸ் 2012, 2014 ரெண்டு ஐபிஎல் ஜெயிச்சப்போ கோச் இவர்தான். அதுக்கு முன்னாடி இலங்கைக்குக் கோச். இங்கதான் எனக்குப் பிடிச்ச இடம் வருது. 2011 உலகக் கோப்பை காலிறுதி, கொழும்பு. இங்கிலாந்து 229. இலங்கை ஒரு விக்கெட் கூடப் போகாம அடிச்சு முடிச்சாங்க. தில்ஷான், தரங்கா ரெண்டு பேரும் சதம். அந்த இலங்கை டீமோட கோச் பெய்லிஸ். பத்து விக்கெட்ல தோத்த கேப்டன் ஸ்ட்ராஸ். தன்னை அப்படி அடிச்ச ஆளைத்தான் நாலு வருஷம் கழிச்சு வேலைக்கு எடுத்தார். பீட்டர்சன் விஷயத்துல காட்டாத பெரிய மனசை இங்க காட்டினார்னு கூட சொல்லலாம்.

கேப்டனா ஆயன் மோர்கன் இருந்தார். உலகக் கோப்பையில கேவலமா தோத்த டீமோட கேப்டன், சொந்த பேட்டிங்கும் சரியில்ல. அவரை எடுத்துட்டா யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டாங்க. ஸ்ட்ராஸ் வச்சுக்கிட்டார். 2015 ஜூன்ல, புது அமைப்போட முதல் ஒன்டேயிலயே நியூசிலாந்துக்கு எதிரா 408. இங்கிலாந்து ஒன்டேயில 400 தாண்டினது அதுதான் முதல் தடவை. 2016ல பாகிஸ்தானுக்கு எதிரா 444. 2018ல ஆஸ்திரேலியாவுக்கு எதிரா 481.

இதுக்குப் பின்னாடி ஸ்கோர்போர்டுல வராத வேலைகள் இருந்தது. வெள்ளைப் பந்து ஆடறவங்களுக்குத் தனியா காண்ட்ராக்ட் கொண்டு வந்தாங்க. அதுவரைக்கும் நல்ல சம்பளம் வேணும்னா டெஸ்ட் ஆடணும்கறது நிலைமை. ஐபிஎல்லை ஒரு தொல்லையா பாத்துட்டு இருந்த போர்டு, போய் ஆடிட்டு வாங்க, அங்க இருக்கற நெருக்கடி உங்களுக்குப் பழகட்டும்னு அனுப்ப ஆரம்பிச்சுது. 2017ல பென் ஸ்டோக்ஸை புனே டீம் 14.5 கோடிக்கு எடுத்தது இந்த மாற்றத்துக்கு அப்புறம்தான்.

2016ல ஒரு சோதனை வந்தது. பங்களாதேஷ் டூர். பாதுகாப்புக் காரணம் சொல்லி மோர்கனும் அலெக்ஸ் ஹேல்ஸும் வர மறுத்தாங்க. சேப்பாக்கத்தை நினைச்சுப் பாருங்க. மும்பைத் தாக்குதல் முடிஞ்சு ரெண்டு வாரத்துல திரும்பி வந்து ஆடின டீம்ல இருந்தவர் ஸ்ட்ராஸ். "நான் போனேன்ல, நீ ஏன் போகமாட்டே?"ன்னு கேக்க அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. ஏமாற்றமா இருக்குன்னு வெளிப்படையாவே சொன்னார். ஆனா மோர்கனோட கேப்டன் பதவியைப் பறிக்கல. ஜாஸ் பட்லர் அந்த டூருக்கு மட்டும் கேப்டன், அடுத்த டூருக்கு மோர்கன் திரும்ப வந்தார். என்கிட்ட ஒரு ஜூனியர் வந்து, நைட் டெப்ளாய்க்கு என்னால உக்கார முடியாதுன்னு சொன்னா, "எங்க காலத்துல..."ன்னு நான் ஆரம்பிச்சிடுவேனோன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. நம்ம ஆபீஸ்ல பாதி மேனேஜருங்க அந்த வாக்கியத்துலதான் வாழ்றாங்க.

2017 செப்டம்பர், பிரிஸ்டல்ல தெருச் சண்டை, ஸ்டோக்ஸ் கைது. ஆஷஸுக்கு அவர் இல்ல. 4-0 தோல்வி. அந்த டூர் முழுக்க ஸ்ட்ராஸ் பேசினது கிரிக்கெட் இல்ல, வீரர்கள் ராத்திரி எத்தனை மணிக்கு ரூமுக்குத் திரும்பணும்கறது. நூறு டெஸ்ட் ஆடினவர் ஹாஸ்டல் வார்டன் மாதிரி பிரஸ் மீட்ல நிக்கறார். அதைப் பத்தி இதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல.

2018 மே மாசம் அவர் லீவு எடுத்தார். மனைவி ரூத்துக்குப் புற்றுநோய். சிகரெட் பிடிக்காதவங்களுக்கு வர்ற அரிதான நுரையீரல் புற்றுநோய். ஆண்டி ஃப்ளவர் தற்காலிகமா வேலையைப் பாத்துக்கிட்டார். அக்டோபர்ல ஸ்ட்ராஸ் முழுசா விலகிட்டார். டிசம்பர் கடைசியில ரூத் இறந்துட்டாங்க. ரெண்டு பையன்கள். அவங்க பேர்ல ஒரு அறக்கட்டளை ஆரம்பிச்சார். வருஷா வருஷம் லார்ட்ஸ் டெஸ்ட்ல ஒரு நாள் மைதானமே சிவப்பா மாறுதே, அது அதுக்காகத்தான்.

2019 ஜூலை 14, லார்ட்ஸ். அந்த ஃபைனலை நான் விவரிக்க வேண்டாம். ரெண்டு டீமும் 241, சூப்பர் ஓவர்ல ரெண்டு பேரும் 15, பவுண்டரி எண்ணிக்கையில இங்கிலாந்து. கோப்பையைத் தூக்கினது மோர்கன். கோச் பெய்லிஸ். ஆட்ட நாயகன் ஸ்டோக்ஸ். டைரக்டர் நாற்காலியில அன்னைக்கு இருந்தவர் ஆஷ்லி ஜைல்ஸ். ஸ்ட்ராஸ் போய் ஒன்பது மாசம் ஆச்சு. சேப்பாக்கத்துல அடிச்ச ரெண்டு சதம் தோத்த மேட்ச்ல மறைஞ்சாலும் ஸ்கோர்கார்டுல அச்சாகி இருக்கு, நான் இப்பவும் திறந்து பாக்கலாம். இந்த ஃபைனலோட ஸ்கோர்கார்டுல அவர் பேர் எங்கயுமே கிடையாது.

இங்க முடிச்சா நல்ல சினிமா. ஆனா அவர் திரும்பி வந்தார், அந்தப் பகுதிதான் எனக்கு உண்மையில உதவுச்சு.

2021-22 ஆஷஸ்ல மறுபடி 4-0. ஜைல்ஸ் போனார். 2022 பிப்ரவரியில ஸ்ட்ராஸ் தற்காலிகமா அந்த நாற்காலிக்கு வந்தார். வெஸ்ட் இண்டீஸ் டூருக்கு ஜிம்மி ஆண்டர்சனையும் ஸ்டூவர்ட் பிராடையும் வெளியே வச்சு டீம் அறிவிச்சாங்க. ரெண்டு பேரும் அவரோட சேர்ந்து ஆஷஸ் ஜெயிச்சவங்க. தொடர் 1-0ன்னு தோல்வி. கோடைக்கு ராப் கீ வந்தார், ஸ்டோக்ஸ் கேப்டன் ஆனார், ஆண்டர்சனும் பிராடும் திரும்பி வந்துட்டாங்க. அந்த முடிவு தப்புன்னு யாரும் பெருசா சொல்லல. சத்தமில்லாம ரிவர்ட் பண்ணிட்டாங்க.

அதே வருஷம் ஸ்ட்ராஸ் தலைமையில ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இங்கிலாந்து எல்லா வகை கிரிக்கெட்லயும் முதலிடத்துக்கு வர என்ன செய்யணும்னு. 17 பரிந்துரை. அதுல முக்கியமானது, ஒவ்வொரு கவுண்டியும் வருஷத்துக்கு ஆடற 14 நாலு நாள் மேட்சை 10 ஆக்கணும், மேல் டிவிஷன்ல ஆறே டீம் இருக்கணும். மேட்ச் குறைஞ்சா தரம் ஏறும், பவுலர்ஸ் உடம்பு தாங்கும்னு கணக்கு.

இப்போ சிக்கலைப் பாருங்க. 2015ல கோச்சை மாத்த ஸ்ட்ராஸ் யாரையும் ஓட்டுக் கேக்க வேண்டியதில்ல. போர்டு அவரை வேலைக்கு எடுத்துச்சு, அதிகாரம் கொடுத்துச்சு. ஆனா கவுண்டி அட்டவணையை மாத்தணும்னா 18 கவுண்டியில 12 பேராவது கை தூக்கணும். அதுல பெரும்பாலானது உறுப்பினர்களுக்குச் சொந்தமான கிளப். வருஷச் சந்தா கட்டி, சாண்ட்விச் டப்பாவோட செவ்வாய்க்கிழமை காலையில வந்து நாலு நாள் மேட்ச் பாக்கற பெரியவங்க. இங்கிலாந்து நம்பர் ஒன் ஆகறது அவங்களுக்கும் சந்தோஷம்தான், ஆனா அதுக்காகத் தன் ஊர் கிரவுண்ட்ல நடக்கற மேட்சைக் குறைக்கணுமான்னு கேட்டாங்க. அது நியாயமான கேள்விதான். வேணாம்னு நிறைய கவுண்டி சொல்லிட்டாங்க. ஓட்டு வேண்டாத மத்த பரிந்துரைகளை போர்டு எடுத்துக்கிச்சு. 14 மேட்ச் 14ஆவே தொடர்ந்தது. கொஞ்ச நாள்ல ஸ்ட்ராஸ் போர்டு வேலையில இருந்து விலகறதா அறிவிச்சார்.

நம்ம ஊர்ல இந்தப் பாதை தலைகீழ். சவுரவ் கங்குலி 2015ல பெங்கால் சங்கத் தலைவர், 2019 அக்டோபர்ல பிசிசிஐ தலைவர், 2022 அக்டோபர்ல ரோஜர் பின்னி வந்துட்டார். இங்க முன்னாள் வீரர் நாற்காலிக்குப் போறதே மாநிலச் சங்கங்களோட ஓட்டு வழியாத்தான். அதனால ஸ்ட்ராஸ் கடைசியா சந்திச்ச பிரச்சினையை இவங்க முதல் நாளே சந்திக்கறாங்க. அதுக்குத் தனி எபிசோடே போடலாம். கேட்டீங்கன்னா போடறேன்.

எனக்கு ஸ்ட்ராஸ் கதையில உறைச்சது இந்த 12 ஓட்டுதான். ஒரு கோச்சை மாத்தற வேலைக்கு அவரோட கேப்டன் அனுபவம் போதுமா இருந்தது. டிரெஸ்ஸிங் ரூம் அவருக்குத் தெரியும். சந்தா கட்டின பெரியவர்கிட்ட பேச அந்த அனுபவத்துல ஒண்ணும் இல்ல. ஏழாயிரம் ரன் அடிச்சவர் சொல்றார்னு யாரும் கை தூக்கல. கோடு நல்லா எழுதறேன்னு எனக்கு இந்த வேலையைக் கொடுக்கறாங்க. ஆனா நான் முதல்ல செய்யப்போறது, வேற மூணு டீம்கிட்ட போய் உங்க ரிலீஸைத் தள்ளி வையுங்கன்னு கேக்கறது. அவங்க ஏன் கேக்கணும்? அதுக்கு என்கிட்ட இன்னைக்குப் பதில் இல்ல.

அதனால நேத்து எங்க டைரக்டர்கிட்ட ரெண்டு விஷயம் கேட்டேன். ஒண்ணு, டீம்ல யாரையாவது அனுப்பணும்னு முடிவு வந்தா அதை முதல்ல அவங்ககிட்ட நேர்ல சொல்றது நானா இருக்கணும், சிஸ்டம் மெயில் அப்புறம். ரெண்டாவது, டீம்ல ஒருத்தரோட எனக்குப் போன வருஷம் பெரிய சண்டை நடந்தது, அவரோட அப்ரைசலை நான் எழுத மாட்டேன், வேற யாராவது எழுதணும். முதலாவதுக்கு உடனே சரின்னுட்டார். ரெண்டாவதுக்குச் சிரிச்சுட்டு, "அப்போ நீ எதுக்கு மேனேஜர்?"னார். யோசிச்சுச் சொல்றேன்னிருக்கார். நானும் அதையேதான் சொல்லிட்டு வந்திருக்கேன்.

இன்னும் திங்கட்கிழமை வரல. கோடுல இருந்து மேனேஜர் ஆகி, பிடிச்சோ பிடிக்காமலோ இருக்கறவங்க, இல்ல திரும்பி வந்துட்டவங்க யாராவது கேட்டுட்டு இருந்தா ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள வந்தா எனக்கு உபயோகம். அதுக்கப்புறம் வந்தா அடுத்த எபிசோடுல போடறேன்.